கூட்டு அறிவியல் தரவுப் பயிலரங்கு: மதிப்பீடும் தொடர்பணியும்

பல ஆய்வகங்கள், சில வேளைகளில் பல நாடுகள், தாம் திரட்டும் தரவுகளை எந்த வடிவில், எப்போது, யாருடன் பகிர்வது என்று ஓரிடத்தில் கூடி முடிவுசெய்யும் நிகழ்வு கூட்டு அறிவியல் தரவுப் பயிலரங்கு எனப்படும். கருத்தரங்கில் சிலர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். பயிலரங்கிலோ எல்லாரும் சேர்ந்து ஒரு விதியையோ தரவுத்தொகுப்பையோ உருவாக்குகிறார்கள். ஆகவே அது பயன் தந்ததா என்பது, கூடியவர்கள் கலைந்து பல மாதங்கள் கழிந்த பிறகே தெரியவரும்.

ஆனால் நடைமுறையில் மதிப்பீடு என்பது பெரும்பாலும் கடைசி நாள் மாலையில் கொடுக்கப்படும் கருத்துப் படிவத்துடன் நின்றுவிடுகிறது. உரைகள் எப்படி, உணவு எப்படி என்று 5க்கு மதிப்பெண் கேட்பார்கள். பேருந்துக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் 4, 5 என்று எழுதிவிட்டுக் கிளம்புவார்கள். பயிற்சிகளை மதிப்பிட அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகளை வகுத்தார்: எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு. மாலைப் படிவம் முதல் படியை மட்டுமே தொடுகிறது. தரவுப் பயிலரங்கைப் பொறுத்தவரை மூன்றாம், நான்காம் படிகளே முக்கியம்: திரும்பிச் சென்றவர்கள் தரவை உண்மையில் வெளியிட்டார்களா? அதை மற்றவர்கள் பயன்படுத்த முடிந்ததா?

பெர்முடா கூட்டம்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மனித மரபணுத்தொகைத் திட்டம். மனித மரபணுத்தொகையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றை வரிசைப்படுத்தும் வேலை பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. கட்டுரை வெளிவரும்வரை ஒவ்வொருவரும் தரவைப் பூட்டி வைத்தால், ஒரே பகுதியை இருவர் செய்ய நேரும். காப்புரிமைப் போட்டியும் எழும். 1996 பிப்ரவரியில் வெல்கம் அறக்கட்டளையின் ஆதரவில், ஆய்வகத் தலைவர்களும் நிதி வழங்குவோரும் பெர்முடா தீவில் கூடினார்கள். பிரிட்டனின் ஜான் சல்ஸ்டனும் அமெரிக்காவின் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் அதற்கு முன்பே உருளைப்புழு ஆய்வில் தரவை உடனுக்குடன் பகிர்ந்து பழகியவர்கள். கூட்டத்தின் முடிவு இது: தொகுக்கப்பட்ட துண்டு 1,000 எழுத்துகளைத் தாண்டினால் அது தானாகவே வெளியிடப்பட வேண்டும், இயன்றால் 24 மணி நேரத்துக்குள். முடிவுற்ற வரிசைகள் உடனே பொதுத் தரவுத்தளத்தில் சேர வேண்டும்.

தன் கட்டுரை வெளிவருமுன் தரவைக் கையளிப்பது எந்த ஆய்வகத் தலைவருக்கும் எளிதானதல்ல. அன்று மாலை மனநிறைவுப் படிவம் கொடுத்திருந்தால் மதிப்பெண் குறைந்துகூட இருக்கலாம்!

விதி நிலைத்ததற்குக் காரணம் தொடர்பணியே. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கத் தேசிய மனித மரபணுத்தொகை ஆய்வு அமைப்பு, தரவை விரைந்து வெளியிடுவதைத் தன் நிதியுதவிக் கொள்கையில் சேர்த்தது. 1997இலும் 1998இலும் பெர்முடாவிலேயே மீண்டும் கூடினார்கள். 1997இல் வேகத்தோடு தரமும் பேசப்பட்டது: 10,000 எழுத்துகளுக்கு ஒரு பிழைக்கு மேல் இருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு, நம் பயிலரங்குகளில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். 1,000 எழுத்து, 24 மணி நேரம் என்ற விதியைப் பொதுத் தரவுத்தளத்தைப் பார்த்தே யாரும் சரிபார்க்கலாம். "தரவுகளை விரைவில் பகிர்வோம்" என்று தீர்மானம் போட்டிருந்தால் எதைக்கொண்டு சரிபார்ப்பது?

மதிப்பீடு இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உழைத்துத் தரவை வெளியிட்டவர்களுக்கு முன்பே வேறொருவர் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதிவிடும் அபாயம் இருந்தது. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் நடந்த கூட்டம் இதை எடுத்துக்கொண்டது. தரவை உருவாக்குவோர், பயன்படுத்துவோர், நிதி தருவோர் ஆகிய மூன்று தரப்புக்கும் பொறுப்பு உண்டு என்று அது வரையறுத்தது.

பொதுவான கோட்பாடுகளில் முடியும் பயிலரங்குகளுக்குப் பின்வேலை இன்னும் அதிகம். 2014 ஜனவரியில் நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்த பயிலரங்கில் உருவான கருத்துகளே ஃபேர் கோட்பாடுகள். தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, பிற தரவுகளோடு இணைந்து இயங்கத்தக்கதாக, மறுபயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கட்டுரையாக அவை வெளிவந்தது 2016 மார்ச்சில்தான். "கண்டறியத்தக்கது" என்பதை எப்படி அளப்பது என்ற கேள்வி அதன்பிறகும் நின்றது. ஆய்வுத் தரவுக் கூட்டணி என்ற பன்னாட்டு அமைப்பு 2020இல் அதற்கென 41 குறியீடுகளைக் கொண்ட ஒரு மாதிரியை வெளியிட்டது.

கல்லூரி அளவில்

சிறிய பயிலரங்குக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பங்கேற்பாளர்கள் தரவை இப்போது எப்படிச் சேமிக்கிறார்கள், யாருக்குத் தருகிறார்கள் என்பதைத் தொடங்குமுன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் பின்னர் ஏற்பட்ட மாற்றத்தை அளக்க வழியில்லை. எடுத்த முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு தேதியும் வேண்டும். ஆறு மாதம் கழித்து அனுப்பும் கேள்வித்தாளை மட்டும் நம்பக் கூடாது. வேலையை முடித்தவர்களே பெரும்பாலும் பதில் எழுதுவார்கள், முடிக்காதவர்கள் மௌனமாக இருப்பார்கள். பதிவிறக்க எண்ணிக்கையும் முழுச் சான்றல்ல. ஒருவர் பத்து முறை பதிவிறக்கியிருக்கலாம்.

இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. பயிலரங்குக்கு வராத ஒரு மாணவரிடம் வெளியிடப்பட்ட தரவுத்தொகுப்பைக் கொடுத்து, அதன் அறிக்கையில் உள்ள ஓர் அட்டவணையை யாரிடமும் கேட்காமல் மீண்டும் உருவாக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கெல்லாம் தடுமாறுகிறாரோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அலகு குறிப்பிடாத நெடுவரிசை, அளவிடாத இடத்தில் இட்ட 0, நாளா மாதமா என்று தெரியாத 03-04 போன்றவை அப்போது வெளிப்படும். அந்தப் பட்டியலையே அடுத்த பயிலரங்கின் முதல் நாள் நிகழ்ச்சி நிரலாக வைத்துக்கொள்ளலாம்.