சந்தைக்குப் பக்கத்தில் ஒரு குடிமைப் பள்ளி: சோளக்காட்டில் நின்று வாக்குரிமையைப் பார்ப்போம்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் சாலை சோளக்காட்டைச் சென்றடைகிறது. மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் அன்னாசியும் இங்குள்ள சந்தைக்கு வந்து, பிறகு கீழ்நாட்டுக்கு இறங்குகின்றன. சந்தையில் பொருளை இறக்கிவைக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயிக்குத் தன் விளைச்சலின் மதிப்பும் தெரியும்; வியாபாரி எவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்பதும் தெரியும். ஆனால் தன் சிற்றூருக்குச் சாலை எப்போது வரும், அதை எங்கே முடிவு செய்கிறார்கள், அந்த முடிவில் தனக்குள்ள பங்கு என்ன என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல அவருக்கு எவரும் முன்வருவதில்லை.

தேர்தல் நெருங்கும்போது மட்டும் அரசு மலையேறி வருகிறது. கொல்லிமலைக்கு அண்மையில், இராசிபுரம் வட்டத்தில் உள்ள போதமலையின் கீழூர், மேலூர், கெடமலை ஆகிய ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களை அலுவலர்கள் தலைச்சுமையாகக் கால்நடையாய்க் கொண்டுசென்ற காட்சியைத் தேர்தல்தோறும் செய்திகளில் பார்த்திருக்கிறோம். மக்களாட்சியின் பெருமையாக அது காட்டப்படுகிறது. ஒவ்வொரு வாக்கையும் தேடிச் சென்ற அந்த உழைப்பு மதிக்கத்தக்கதே. அதே பாதையில் நோயாளியையும் கருவுற்ற பெண்ணையும் மக்கள் சுமந்து இறங்கியதும் உண்மை. வாக்கைத் தேடி ஏறும் அரசு, வாக்களித்தவரின் தேவைக்காக ஏன் அதே வேகத்தில் ஏறுவதில்லை என்பதே இங்கு எழும் கேள்வி.

வாக்காளர் விழிப்புணர்வு என்றால் கோலப் போட்டியும் மாணவர் பேரணியும் உறுதிமொழியும் என்றே நாம் பழகிவிட்டோம். மக்கள் அறியாமையால் விலகி நிற்கிறார்கள் என்ற எண்ணமே இவற்றின் அடிப்படை. இந்த எண்ணம் தவறானது என்று கருதுகிறோம். பட்டியலில் பெயர் இல்லாமை, தொலைவு, பிழைப்புக்கான இடப்பெயர்வு, ஆதிக்கச் சாதிகளின் மிரட்டல், வாக்களித்த பின்னும் எதுவும் மாறாத அனுபவம் ஆகியவையே விளிம்புநிலை மக்களை அரசியலிலிருந்து விலக்குகின்றன. இவற்றுள் எதையும் கோலம் போட்டுத் தீர்க்க இயலாது.

வாக்கு நமக்கு எளிதில் கிடைத்ததன்று

ஆங்கிலேய ஆட்சியில் சொத்தும் வரியும் படிப்பும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்தது. 1919 சனவரியில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்த அண்ணல் அம்பேத்கர், அத்தகைய தகுதிகள் தீண்டத்தகாதோரை முற்றிலும் வெளியே நிறுத்தும் என்று வாதிட்டார். கல்வி பெற்ற பிறகே வாக்கு என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. வாக்கைப் பயன்படுத்துவதே அரசியல் கல்வி என்பது அவரது நிலைப்பாடு. 1928இல் சைமன் குழுவின் முன்னும் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டுமென்றார். அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் உறுப்பு அந்த நெடும் போராட்டத்தின் விளைவு.

இதே போராட்டத்தை அமெரிக்கக் கறுப்பின மக்களும் நடத்தினர். இரு போராட்டங்களுக்கும் இடையிலான உறவை அம்பேத்கர் அறிந்திருந்தார். 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் அதற்குச் சான்று. அம்மக்கள் வாக்குரிமைக்காகச் செய்த பணிகளுள் சோளக்காட்டுக்கு மிகவும் பொருந்துவது, ஒரு தீவில் நடந்த பள்ளியின் கதை.

கடைக்குப் பின்னே இருந்த வகுப்பறை

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்றொரு ஊர். அங்கு வாக்காளராகப் பதிவு செய்ய விரும்பும் கறுப்பினத்தவர் மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரியின் முன் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. பள்ளி செல்லும் வாய்ப்பையே மறுத்துவிட்டு, படிக்கத் தெரியவில்லை என்று வாக்கையும் மறுத்தார்கள்.

அத்தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்கு வேலையாட்களைப் பேருந்தில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தவர் ஈசா ஜென்கின்ஸ். பயணத்தின்போதே பயணிகளுக்குச் சட்டப் பகுதிகளைச் சொல்லித்தரத் தொடங்கினார். 1957 சனவரியில், ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியின் உதவியோடும் செப்டிமா கிளார்க்கின் வழிகாட்டலோடும் அங்கே முதல் குடிமைப் பள்ளி தொடங்கியது. ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையே வகுப்பறை. வெள்ளையரின் கண்ணில் படாமலிருக்க முன்னால் கடை நடந்தது. ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன். முடி ஒப்பனை செய்யும் தொழிலாளி, அதற்குமுன் ஆசிரியர் பணி பார்க்காதவர். மக்களை ஏளனமாகப் பார்க்காத ஒருவர் வேண்டும் என்பதே அத்தேர்வுக்குக் காரணம்.

அவர் வந்தவர்களிடம், என்ன கற்க விரும்புகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், அஞ்சலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும், பணவிடை அனுப்ப வேண்டும் என்றார்கள். அவற்றையும் வாக்காளர் பதிவுப் படிவத்தையும் சேர்த்தே கற்பித்தார். வாக்கு அன்றாடத் தேவைகளின் வரிசையில் வந்து அமர்ந்தது. அப்பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின.

1965 ஆகஸ்டு 6 அன்று வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. மிசிசிப்பியில் அதற்குமுன் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய அறுபதாக உயர்ந்தது. ஆயினும் 2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கின் தீர்ப்பு, அச்சட்டத்தின் முக்கியப் பாதுகாப்பு ஒன்றைச் செயலிழக்கச் செய்தது. ஒருமுறை வென்ற உரிமை தானாக நிலைத்து நிற்காது என்பது அதன் பாடம். அப்பாடம் இப்போது தமிழ்நாட்டுக்கும் உரியதாகிவிட்டது.

ஒரு பெயர், இரண்டு உரிமைகள்

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றுள் மிகப் பெரும் பகுதி, முகவரியில் இல்லாதவர்கள் அல்லது இடம்பெயர்ந்தவர்கள் என்ற வகையில் நீக்கப்பட்டது. இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் நீக்கப்பட வேண்டியவையே. ஆனால் முகவரியில் இல்லாமை என்பது ஏழைகளின் வாழ்க்கை முறை. செங்கற்சூளைக்கும் நூற்பாலைக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் மாதக்கணக்கில் செல்லும் தலித் மற்றும் பழங்குடிக் குடும்பத்தின் கதவு பூட்டியிருந்தால், அக்குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது என்று பொருளாகாது.

பெயர் நீங்கினால் சட்டமன்ற வாக்கு மட்டும் போவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளோரே கிராம சபையின் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. ஆக, ஒரு பெயர் விடுபட்டால் அவர் தம் ஊரின் சபையிலும் உறுப்பினர் தகுதியை இழக்கிறார்.

பழங்குடி மக்களுக்கு இந்த இழப்பு கூடுதலானது. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். கொல்லிமலை சேந்தமங்கலம் தொகுதியில் அடங்கும். மக்களவைக்குத் தமிழ்நாட்டில் பழங்குடித் தனித்தொகுதி ஒன்றுகூட இல்லை. மேலவைகளில் குரல் இவ்வளவு மெலிந்திருக்கும்போது, ஊரளவிலான சபையே அவர்களின் நேரடி அதிகாரக் களம்.

அக்களமும் வெறுமையாகிவிடுகிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத் தீர்ப்பால் ரத்தாகி, 2019 டிசம்பரில்தான் நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடந்தது. மூன்றாண்டுகள் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. புதிய தேர்தல் நடத்தப்படாமல் பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடமே சென்றது. தனித்தொகுதி ஒதுக்கீடும் பெண்களுக்கான 50 விழுக்காடு ஒதுக்கீடும் தேர்தல் நடந்தால்தான் உயிர்பெறும். பெரிய தேர்தலில் வாக்களிக்க வாருங்கள் என்று அழைக்கும் அரசே, மக்களுக்கு மிக அருகிலுள்ள தேர்தலைத் தள்ளிப்போடுவது முரண்பாடு.

அச்சமும் சட்டமும்

தலித் மக்கள் உள்ளாட்சியில் பங்கேற்றதற்குக் கொடுத்த விலையை நாம் மறக்க இயலாது. தனி ஊராட்சியான மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனும் உடனிருந்தோரும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. வென்றவரை உடனே பதவி விலகச் செய்வது அங்கு ஓர் உத்தியாகவே இருந்தது. 2006இல்தான் நிலை மாறியது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ வாக்களிக்கவிடாமல் தடுப்பதையும், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்க மிரட்டுவதையும், வேட்புமனு அளிக்கவிடாமல் செய்வதையும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரின் பணியைத் தடுப்பதையும் குற்றங்களாக்குகிறது. இதை அறிந்த மாணவர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவராவது இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஜான்ஸ் தீவில் கடைக்குப் பின்னே நடந்ததைச் சோளக்காட்டில் சந்தைக்குப் பக்கத்திலேயே வெளிப்படையாகச் செய்யலாம். சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் மக்கள் ஒன்றுகூடும் இடம் அது. அங்கே மேடையும் ஒலிபெருக்கியும் தேவையில்லை. ஒரு மேசை, வாக்காளர் பட்டியலின் படி, படிவங்கள், மலையிலேயே பிறந்து கல்லூரிக்குச் செல்லும் நான்கு மாணவர்கள் போதும். சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை என்று மக்கள் கேட்டு வரும் வேலையை முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும். பெயர் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது அதன் தொடர்ச்சியாக அமையும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 17 வயது நிறைந்தோர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு சிற்றூரிலும் வெளியூர் சென்றிருப்போரின் பட்டியலைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதி, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் உரிய காலத்தில் விளக்க வேண்டும்.

அடுத்தது கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு. வராதவரின் கையொப்பத்தைப் பின்னர் வாங்கி வரம்பை நிறைவு செய்யும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் மக்கள் நேரில் சென்று அமர்வதே முதல் எதிர்ப்பு. தீர்மானத்தை எழுதிக்கொண்டு போய், அது பதிவேட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

மலை மக்களுக்கு இன்னொரு சபையும் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் அறிவிக்கப்படாததால், பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்துவதில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி நில உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுத் தீர்மானிக்கும் பணி கிராம சபையில் தொடங்குகிறது. வயதுவந்தோர் அனைவரும் அச்சபையின் உறுப்பினர்கள். அவர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகாமல் விட்டால் காட்டின் மீதுள்ள உரிமையே கைநழுவும். பங்கேற்பின் பயனை விளக்க இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு இல்லை.

பெர்னிஸ் ராபின்சன் முதல் நாள் கேட்ட கேள்வி நம் இயக்கங்களுக்கும் உரியது. நாம் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு மலையிறங்குவது எளிது. என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டு, அடுத்த சந்தைக்கும் அதற்கடுத்த சந்தைக்கும் அதே மேசையில் வந்து அமர்வது கடினம். அந்தத் தொடர்ச்சி இருக்குமானால், சந்தையில் தன் மிளகுக்கு விலை பேசும் பெண், கிராம சபையில் தன் ஊர்ச் சாலைக்கும் அதே உறுதியோடு பேசுவார். தேர்தல் நாளில் அவரை எவரும் அழைத்து வர வேண்டியிருக்காது.