பூட்டுக்குள் அகப்பட்ட ஊர்கள்

வில்லியனூர், பாகூர்ப் பக்கம் பிரயாணம் செய்கிறவர்கள் ஒரு வேடிக்கையைக் காணலாம். வயலும் வரப்பும் ஒரே மாதிரிதான்; பேசுகிற பாஷையும் தமிழேதான். ஆனாலும் சற்று முன்பு புதுச்சேரியாயிருந்த பூமி திடீரென்று தமிழ்நாடாகிவிடும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் புதுச்சேரி! ஓர் அரசின் நிலம் இப்படி மற்றோர் அரசின் நிலத்தால் சூழப்பட்டுக் கிடந்தால் அதற்கு ஆங்கிலத்தில் 'என்கிளேவ்' என்று பெயர். சாதாரணப் பேச்சில் அதிகம் அடிபடாத வார்த்தை.

இதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால் வெகு சுவாரஸ்யமாயிருக்கிறது. லத்தீன் பாஷையில் 'கிளாவிஸ்' என்றால் திறவுகோல். அதிலிருந்து, பூட்டி அடைப்பது என்ற பொருளில் பிரெஞ்சில் ஒரு சொல் உண்டாயிற்று. அதன் வழிவந்ததையே 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் கடன் வாங்கிக்கொண்டது. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் 'கான்கிளேவ்' என்ற சபையின் பெயரும் இதே குடும்பந்தான். பூட்டக்கூடிய அறை என்பது அதன் ஆதி அர்த்தம். நம் வீட்டுச் 'சாவி' மட்டும் வேறா? 'கிளாவிஸ்' போர்த்துக்கீசியத்தில் 'சாவே' ஆயிற்று. அது கப்பலேறி வந்து தமிழில் சாவியாயிற்று!

கண்டிப்பாகப் பார்த்தால், நாற்புறமும் அந்நிய நிலம் சூழ்ந்த இடத்துக்கே இந்தப் பெயர் பொருந்தும். ஆனால் ஒருபுறம் கடல் இருந்தாலும் வழக்கத்தில் இப்படிச் சொல்வதுண்டு. ஒரு நகரத்துக்குள் தனித்து வாழும் கூட்டத்தாரின் குடியிருப்பையும் இவ்விதம் அழைப்பார்கள்.

இங்கே பூட்டுப் போட்டவர்கள் யார்? 1783-ல் வெர்சேல்ஸில் நடந்த உடன்படிக்கையில், பாண்டிச்சேரியைச் சுற்றி அதற்கு உட்பட்ட பிரதேசமாயிருக்கும்படி வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்குப் பெற்றுத் தருவதாக இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்டார். அவ்வூர்க் குடியானவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1947-ல் பாரதம் சுதந்திரம் அடைந்தபோதும் இந்தப் பூட்டு மட்டும் திறக்கவில்லை. பக்கத்து ஊருக்குப் பண்டம் கொண்டு போகிறவனும் சுங்கக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில், 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். பாரதத்துடன் இணைவதற்கு ஆதரவாக 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல் பூர்த்தியாயிற்று.

எல்லைக்கோடுகள் இன்றும் வளைந்து நெளிந்துதான் கிடக்கின்றன. ஆனால் அவற்றைத் தாண்ட யாருடைய அனுமதிச் சீட்டும் தேவையில்லை. அகராதியில் இந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு உங்கள் குழந்தைகள் அர்த்தம் கேட்டால், பூட்டைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்; கீழூரில் அது திறந்த தினத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.