பிறந்ததும் அழாத குழந்தை: பெற்றோர் கேட்க வேண்டியவை

பிரசவ நேரத்தில் தொப்புள்கொடி நெரிந்தாலோ, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தாலோ, சிசுவின் மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோகும். ‘புள்ள பொறந்ததும் அழல’ என்று வீட்டில் சொல்வார்கள்; டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹெச்.ஐ.இ.’ (ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்ததால் வரும் மூளைப் பாதிப்பு) என்று இருக்கும். பாதிப்பு அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை.

மூச்சு திரும்பியதும் மூளைச் செல்கள் ஓரளவு தேறுகின்றன. சுமார் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டாவது சரிவு தொடங்குகிறது. வலிப்பு பெரும்பாலும் முதல் நாளிலேயே வந்துவிடும். இந்தச் சரிவில் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா, இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற புரதங்களை வெளியிட்டு, தப்பிப் பிழைத்த செல்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. இந்த அழற்சியை அடக்கும் புரதங்களும் உடலிலேயே இருக்கின்றன: இன்டர்லூக்கின்-10, இன்டர்லூக்கின்-1 ஏற்பித் தடுப்பான், ரத்தத்தில் ஓடும் இன்டர்-ஆல்ஃபா இன்ஹிபிட்டர். கடைசியாகச் சொன்னதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளுக்கும் ஆட்டின் கருவுக்கும் கொடுத்துப் பார்த்ததில் மூளைச் சேதம் குறைந்தது.

அப்படியானால் அதை ஊசியாகப் போட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வளரும் மூளையில் தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கழித்துக்கட்டுவதும் இதே மைக்ரோகிளியாதான். அதை முற்றாக முடக்கினால் வளர்ச்சியே தடம் மாறக்கூடும். விலங்குகளில் பலித்தது குழந்தைகளிடமும் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. விலங்குகளில் நம்பிக்கை தந்த இன்னொரு மருந்தான எரித்ரோபொயட்டின், அமெரிக்காவில் 500 குழந்தைகளிடம், உடலைக் குளிரவைக்கும் சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டது. பலன் இல்லை என 2022இல் முடிவு வந்தது.

இன்று கையில் இருக்கும் சிகிச்சை குளிரூட்டல்தான். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். பணக்கார நாடுகளில் இது உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சென்னை எழும்பூர் உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ‘ஹெலிக்ஸ்’ ஆய்வின் முடிவு 2021இல் வெளியானபோது பலரும் திகைத்தார்கள். குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் இறந்திருந்தன; குளிரூட்டாதவற்றில் 31. காரணம் பற்றி நிபுணர்களிடையே விவாதம் ஓயவில்லை. ஆகவே ‘கூலிங் கொடுக்கிறோம்’ என்றால் மிரளவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். வென்டிலேட்டர் வசதி உண்டா, வலிப்பைக் கண்காணிக்க இ.இ.ஜி. உண்டா, என் குழந்தைக்கு இது ஏன் தேவை என்று கேளுங்கள். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில், யாரோ சொன்னார்களென்று ஈரத்துணியோ ஐஸோ வைத்துவிடாதீர்கள். காய்ச்சலும் கெடுதி, கண்காணிப்பில்லாத குளிரும் கெடுதி.

செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சை, வேறு மருத்துவமனைக்கு மாற்றும் வாகனம் எல்லாமே இலவசம். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் தரும் உரிமை இது.

அடுத்து, காகிதம். கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. வாங்கியதும் சில வரிகளைத் தேடிப் பாருங்கள்: ஒன்றாம், ஐந்தாம் நிமிட அப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் நிலையைக் காட்டும் எண்), பிறந்ததும் மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்தார்களா, வலிப்பு எப்போது வந்தது, எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது. பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, கைவிரல்கள் எப்போதும் மூடியே இருக்கின்றன, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால் ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி இலவசம். நோயின் பெயர் உறுதியாகும் முன்பே தொடங்கலாம். இந்தக் கட்டத்தில்தான் ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் வருவார்கள். இத்தகைய மூளைச் சேதத்தால் வரக்கூடிய மூளை முடக்குவாதத்துக்கு (செரிபிரல் பால்சி) அதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல் சிகிச்சையாக ஏற்கவில்லை. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வென்றால் கட்டணம் வாங்கக் கூடாது.

எல்லா மூளை முடக்குவாதமும் பிரசவ அறையில் நேர்ந்ததல்ல. எல்லாவற்றுக்கும் மருத்துவர் மேல் பழி போடவும் முடியாது. கவனக்குறைவு என்று வலுவாகச் சந்தேகித்தால் நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டுகள்தான் கெடு. மூளை முடக்குவாதம் உறுதியாவதே பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதில் என்பதால் கெடுவில் பாதியாவது அதற்குள் ஓடிவிடுகிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மீது இந்த வழி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அங்கே சிவில் நீதிமன்றத்தையோ மாநில மனித உரிமை ஆணையத்தையோ அணுக வேண்டும். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.