வாட்மீட்டரின் முள் சொல்லாத சேதி

மின்சாரத்தை அளக்கும் உபகரணங்களில் அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் கள்ளங்கபடமற்றவை. தாங்கும் அளவை மீறினால் முள் கடைசிக் கோட்டைக் கடந்து முட்டிக்கொண்டு நிற்கும், பார்த்தவர் உடனே சுவிட்சை அணைத்துவிடலாம். வாட்மீட்டர் அப்படிப்பட்டதன்று. உள்ளே சுருள் வெந்துகொண்டிருக்கையிலும் அதன் முள் தட்டின் ஆரம்பத்திலேயே சாவதானமாக நிற்கக்கூடும்.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சோதனைச்சாலைகளில் வழங்கும் டைனமோமீட்டர் வகைக் கருவியில், தடித்த கம்பியால் சுற்றி அசையாமல் பொருத்திய சுருளின் வழியே பளுவுக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் பாய்கிறது. அதன் நடுவே, மெல்லிய கம்பியாலான மற்றொரு சுருள், பெரியதொரு மின்தடையுடன் தொடராக இணைந்து, மின்னழுத்தத்துக்கேற்பச் சிறிதளவு ஓட்டத்தை ஏற்று, முள்ளையும் சுமந்துகொண்டு திரும்புகிறது. மாறுதிசை மின்சாரத்தில் அழுத்தமும் ஓட்டமும் எப்போதும் ஒருசேர உச்சத்தை அடைவதில்லையாதலால், முள் காட்டுவது அவ்விரண்டின் பெருக்கற்பலனை, பவர் ஃபாக்டர் என்னும் பின்னத்தால் மீண்டும் பெருக்கி வந்த தொகையையே.

300 வோல்ட், 5 ஆம்பியர், முழு அளவு 1500 வாட் என்று குறித்த ஒரு கருவியை, 230 வோல்ட்டில் பளுவின்றிச் சுழலும் மோட்டாருடன் இணைத்திருப்பதாகக் கொள்வோம். பவர் ஃபாக்டர் 0.2 ஆகவும் ஓட்டம் 8 ஆம்பியராகவும் இருந்தால், கருவி காட்டுவது 368 வாட். முள் தட்டின் கால் பங்கைக்கூட எட்டவில்லை. ஆனால் உஷ்ணம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், சுருள் தன் முழு அளவில் காணும் உஷ்ணத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாக இப்போது காய்கிறது. முள் சிறிதே அசைகிறதென்று சிறிய ரேஞ்சுக்கு மாற்றத் துணிபவர் விபரீதத்தை விலைக்கு வாங்குகிறார். எனவே ஓர் அம்மீட்டரும் ஒரு வோல்ட்மீட்டரும் பக்கத்தில் இல்லாமல் வாட்மீட்டரை இணைப்பதே கூடாது. இத்தகைய பளுவுக்கென, பவர் ஃபாக்டர் 0.2 என்று முகப்பில் பொறித்த வேறொரு வாட்மீட்டர் உண்டு. அதே 300 வோல்ட், 5 ஆம்பியருக்கு அதன் முழு அளவு 300 வாட்தான், தட்டில் 150 கோடுகளிருந்தால் கோட்டுக்கு 2 வாட்.

இணைப்பு முனைகள் நான்கு: அசையாத ஓட்டச் சுருளுக்கு எம், எல்; முள்ளைச் சுமக்கும் அழுத்தச் சுருளுக்கு சீ, வி. எம் சப்ளைக்கு, எல் பளுவுக்கு, வி எதிர்க் கம்பிக்கு. சீயை எம்முடன் சேர்ப்பதா எல்லுடன் சேர்ப்பதா என்பதில்தான் சூட்சுமம். எல்லுடன் சேர்த்தால் அழுத்தச் சுருள் உண்ணும் மின்திறனும் கணக்கில் சேர்ந்துவிடும். அதன் மொத்தத் தடை 10,000 ஓம் என்றால் 230 வோல்ட்டில் அது 5 வாட்டுக்குச் சற்று மேல், 50 வாட் பளுவில் பத்திலொரு பங்கு. ஆகவே ஓட்டம் சிறிதானால் எம்முடனும், பெரிதானால் எல்லுடனும் சேர்ப்பது வழக்கம்.

மூன்று பேஸ் பளுவை இரண்டு வாட்மீட்டர்களால் அளக்கும்போது, பவர் ஃபாக்டர் 0.5க்குக் கீழே இறங்கினால் ஒன்றின் முள் பின்னோக்கிச் சாயும். இணைப்புத் தவறென்று பதற வேண்டியதில்லை. சப்ளையை நிறுத்திவிட்டு, எம், எல் முனைகளின் கம்பிகளை மாற்றி, அந்த அளவைக் கூட்டாமல் கழிக்க வேண்டும். சீயையும் வியையும் மாற்றுவது எளிதாயிற்றே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பெருந்தடை தப்பான பக்கத்தில் அகப்பட்டு, ஏறக்குறைய முழு அழுத்தமும் இரு சுருள்களுக்கிடையே வந்து நிற்கும். அவற்றுக்கிடையிலுள்ள காப்பு அதைத் தாங்கும்படி அமைந்ததன்று.