பழைய காருக்கு இணையத்தில் ஆள் வந்தால்

உங்கள் வீட்டுப் போர்ச்சில் துணி போர்த்திய ஒரு பழைய கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை வெளிவந்த மோரிஸ் மைனராக இருக்கலாம். எழுபதுகளின் மெர்சிடிஸ் அல்லது டட்சனாக இருக்கலாம். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவைக்கூட இன்று தேடி வாங்குகிறார்கள். அதை விற்க முடிவு செய்து மூடா இணையத் தளத்திலோ பேஸ்புக்கிலோ விளம்பரம் போடுகிறீர்கள். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் அடிக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

விளம்பரம் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

காரைத் துடைப்பதற்கு முன் கெரானை (வாகன உரிமைப் பத்திரம்) எடுத்துப் பாருங்கள். அதில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் (காரின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) இருக்கும். பிறகு டார்ச் லைட்டும் மண்ணெண்ணெய் நனைத்த துணியும் எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள். எஞ்சின் பக்கவாட்டில் பல வருட எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் அந்த எண் ஒளிந்திருக்கும். துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கெரானோடு ஒப்பிடுங்கள். 3 என்று நினைத்தது 8 ஆக இருக்கும், பூஜ்யம் என்று நினைத்தது ‘டி’ ஆக இருக்கும்.

எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்பீர்கள். பெயர் மாற்றத்துக்கு முன் காரைப் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முதலில் பார்ப்பதே இந்த இரண்டு எண்களைத்தான். முப்பது வருடத்துக்கு முன் யாரோ எஞ்சினை மாற்றி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் (சுருக்கமாக ஜேபிஜே) பதியாமல் விட்டிருந்தால், சிக்கல் அந்த இடத்தில்தான் வெளிப்படும், அதுவும் வாங்க வந்தவர் பக்கத்தில் நிற்கும்போது. வெள்ளைக் காருக்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்தால் அதையும் பதிந்திருக்க வேண்டும். எண்ணில் பொருத்தமில்லை என்றால் ஜேபிஜே முகப்பில் சரிசெய்துகொண்டு பிறகு விளம்பரம் போடுங்கள். பழைய காரில் பளபளப்புக்கு ஒரு விலை, சுத்தமான பத்திரத்துக்கு ஒரு விலை. இரண்டாவதுதான் பெரியது என்பது என் கணிப்பு.

கெரானில் அப்பாவின் பெயர் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். விற்கலாமா?

உடனே முடியாது. காலமானவரின் சொத்தைப் பிள்ளை தன் இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாக அதிகாரப் பத்திரம் (சொத்தைப் பிரித்துக் கொடுக்க ஒருவருக்குத் தரும் சட்ட அனுமதி) வேண்டும். அவர் விட்டுச்சென்றது வீடு, நிலம் எதுவும் இல்லாமல் அசையும் சொத்து மட்டும், அதுவும் 600,000 வெள்ளிக்கு உட்பட்டது என்றால், அமானா ராயா (அரசாங்கத்தின் அறங்காவல் நிறுவனம்) வழியாகவே இதை முடிக்கலாம். நிலமும் இருந்தால் நில அலுவலகமோ உயர் நீதிமன்றமோ. மாதக்கணக்கில் ஆகக்கூடிய வேலை இது. அதனால், வாங்க ஆள் வந்த பிறகு தொடங்காதீர்கள். “அப்பா கையெழுத்தை நானே போட்டுவிடுகிறேன்” என்று சொல்லும் ரன்னரை (அரசாங்க அலுவல்களைக் கூலிக்கு முடித்துத் தருபவர்) வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்போது கையெழுத்து மட்டும் போதாது, கைரேகையும் கேட்கிறார்கள்.

நம்பர் பிளேட்டையும் சேர்த்தே விற்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒற்றை இலக்கமோ இரட்டை இலக்கமோ உள்ள பழைய ஜொகூர் ‘ஜே’ எண் உங்கள் காரில் இருந்தால், வருகிறவர் காரைச் சுற்றிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எண்ணைத்தான் விலை பேசிக்கொண்டிருப்பார். அந்த எண்ணை உங்கள் பெயரில் உள்ள வேறொரு வாகனத்துக்கு மாற்றிக்கொள்ள ஜேபிஜேயில் வழி இருக்கிறது, கட்டணம் உண்டு. ஆனால் பெயர் மாற்றத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு எண் காரோடு போய்விடும். எண்ணோடு சேர்த்து விற்பதென்றால் எண்ணுக்கும் சேர்த்து விலை கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

விளம்பரத்தில் குறைகளையும் எழுதலாமா?

எழுதுங்கள், படமும் போடுங்கள். நம் ஊர் மழைக்கும் வெக்கைக்கும் கதவின் அடிப்பகுதியும் காலடித் தளமும் துருப்பிடிக்காத பழைய கார் அபூர்வம். மிதியடியைத் தூக்கி எடுத்த ஒரு படம் பத்துப் பளபளப்பான படங்களை விட நல்ல ஆளை அழைத்து வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: கெரானின் படத்தையும் சேசிஸ் எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். அந்த விவரங்களை வைத்துத் திருட்டுக் காருக்கு வேறொரு காரின் அடையாளத்தை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘குளோன் கார்’ என்று செய்தியில் படிப்பது இதைத்தான். நேரில் வருகிறவருக்குக் காட்டினால் போதும்.

வருகிற செய்திகளில் எது நிஜம், எது போலி?

நிஜமாக வாங்குகிறவர் தொல்லை கொடுப்பார். கார்புரேட்டர் அசலா, ஃபுளோரில் துரு எவ்வளவு, எந்தப் பட்டறையில் வேலை பார்த்தீர்கள், காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகுமா என்று துளைத்தெடுப்பார். பேரமும் பேசுவார். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர்தான் உங்கள் ஆள்.

போலி ஆள் எதையும் கேட்கமாட்டார். உங்கள் மோரிஸ் மைனரை ‘பொருள்’ என்பார். “பொருள் இன்னும் இருக்கிறதா? நல்ல நிலையில் இருக்கிறதா? கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்” என்பார். தான் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்வதாகவோ வெளிநாட்டில் இருப்பதாகவோ சொல்வார். அதனால் நேரில் வர முடியாது, கப்பல் ஏஜெண்ட் வந்து காரை எடுத்துக்கொள்வார். நாற்பது வருடப் பழைய காரை ஒருமுறைகூடப் பார்க்காமல், ஒரு காசும் குறைக்காமல் வாங்குகிறவர் உலகத்தில் உண்டா? நீங்களே அப்படி வாங்குவீர்களா?

அப்படியே இருக்கட்டும், பணம் வந்துவிட்டால் எனக்கென்ன நஷ்டம்?

அங்கேதான் கண்ணி இருக்கிறது. நீங்கள் கேட்பது 35,000 வெள்ளி. அவர் 41,000 வெள்ளிக்குக் காசோலை போட்டு, சீட்டைப் படம் பிடித்து அனுப்புகிறார். “மிச்சம் 6,000 கப்பல் ஏஜெண்டுக்கு, இந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள்” என்கிறார். நீங்கள் போடுகிற 6,000 நிஜப் பணம். அவருடைய காசோலை திரும்பி வரும். கார் போகாவிட்டாலும் 6,000 போய்விட்டது. இதே நாடகத்தை பேபால் பெயரில் வரும் போலி மின்னஞ்சலை வைத்தும் ஆடுகிறார்கள்: உங்கள் பணம் தயார், ஏஜெண்டுக்குக் கட்டிய ரசீதை அனுப்பினால் விடுவிப்போம் என்று. பணத்தை வாங்குவதற்குப் பணம் கட்டச் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

உள்ளூர்க்காரர் காசோலை கொடுத்தால்?

காசோலையை இயந்திரத்தில் போட்டதும் உங்கள் கணக்கில் தொகை ஏறியதுபோல் தெரியும். ஆனால் வங்கிச் செயலியில் இரண்டு வரிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று மொத்த இருப்பு, இன்னொன்று எடுக்கக்கூடிய இருப்பு. காசோலை தீர்வாகும் வரை (மற்ற வங்கி பணத்தைக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் வரை) இரண்டாவது வரி அசையாது. மோசக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். 2025 ஜனவரி முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது அல்லவா? வெள்ளிக்கிழமை மாலை வங்கி மூடிய பிறகு காசோலையைப் போட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் டோ லாரியோடு வந்து நிற்பார். திங்கட்கிழமை நீங்கள் வங்கிக்குப் போகும்போது கார் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ.

எனவே காசோலை வேண்டாம். வங்கியிலிருந்து வங்கிக்கு உடனடிப் பணமாற்று வாங்குங்கள். அவர் அனுப்பும் ரசீதுப் படத்தை நம்பாதீர்கள், அதைத் தயாரிக்க ஒரு கைப்பேசி போதும். உங்கள் செயலியை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பைப் பாருங்கள். தொகை பெரிதாக இருந்து அவருடைய தினசரி வரம்பு தடுத்தால், இருவரும் ஒன்றாக வங்கிக்குப் போவதே நல்லது. பணம் வாங்குவதற்கு உங்கள் கடவுச்சொல்லோ கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி எண்ணோ தேவையே இல்லை. “இந்தச் செயலியை இறக்குங்கள், பணம் தானாக ஏறும்” என்றால் அது உங்கள் கணக்கைக் காலி செய்யும் செயலி.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

போலீஸாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், அதன் மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். அங்கே எதுவும் இல்லை என்பதால் ஆள் யோக்கியர் என்று ஆகிவிடாது. புது எண்ணாக இருக்கலாம். பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997ஐ அழையுங்கள். மோசடிப் புகார்களுக்காக 2022இல் தொடங்கிய தேசிய மையம் அது. பணம் கணக்குக் கணக்காகத் தாவுவதற்குள் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஜொகூரில் விளம்பரம் போட்டால் இந்த அழைப்பு வராமல் இருக்காது. கொடுக்கலாம், ஆனால் விஷயம் எளிதல்ல. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரைச் சிங்கப்பூருக்குள் இறக்குமதி செய்ய முடியாது. குறைந்தது 35 வருடம் ஆன கிளாசிக் கார்களுக்குத்தான் விலக்கு, அதற்கும் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி வாங்குவது அவர் பாடு. உங்கள் பாடு, ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்வதும், சுங்கத்தில் கே2 படிவம் (ஏற்றுமதி அறிவிப்பு) ஒழுங்காகப் போனதா என்று பார்ப்பதும். “இப்போதைக்கு மலேசிய எண்ணிலேயே ஓட்டிக்கொள்கிறேன்” என்றால் சம்மதிக்காதீர்கள். சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கே மலேசியப் பதிவுக் காரை ஓட்ட அனுமதியில்லை. பிடிபட்டால் பதிவில் இருப்பது உங்கள் பெயர்.

நல்ல ஆள் கிடைத்துவிட்டார். எந்த வரிசையில் முடிப்பது?

முதலில் சம்மன் பாக்கி இருக்கிறதா பாருங்கள். பாக்கியால் காரின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. போலீஸ் சம்மனையும் ஜேபிஜே சம்மனையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு பரிசோதனை. முன்பணம் வாங்கினால் எவ்வளவு, எதற்கு, எப்போது திரும்பாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அடையாளக் கார்டு நகல் கொடுத்தால் அதன் மேல் குறுக்காகக் கோடு போட்டு, எந்தக் காரின் பெயர் மாற்றத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துவிட்டு நீங்களும் பக்கத்தில் ஏறிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லத் தயக்கமாக இருந்தால் உங்கள் மெக்கானிக்கின் பட்டறையில் காட்டலாம். காரைப் பற்றி உங்களை விட அவர் நன்றாகப் பேசுவார்.

இவ்வளவு பழைய காருக்கு வங்கிகள் பெரும்பாலும் கடன் தருவதில்லை, எனவே முழுத்தொகையும் அவர் கையிலிருந்துதான் வரும். கடைசி நாளில் இருவரும் ஜேபிஜேயில் சந்தியுங்கள். அவர் தன் பெயரில் காப்புறுதி எடுத்து வந்திருக்க வேண்டும். பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு முகப்புக்குப் போய்க் கைரேகை வையுங்கள். அவர் பெயரில் பதிவு மாறியதும் சாவியைக் கொடுங்கள். ஜேபிஜேயின் மைசிகாப் இணையத் தளம் வழியாகவும் பெயர் மாற்றலாம், ஆனால் முன்பின் அறியாதவரோடு வியாபாரம் என்றால் முகப்பே எனக்கு நிம்மதி.

“காரை எடுத்துப் போகிறேன், அடுத்த வாரம் பெயர் மாற்றிக்கொள்கிறேன்” என்று எவ்வளவு மரியாதையான மனிதர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வாரத்தில் அவர் வேகமாகப் போனால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போனால் போலீஸ் தேடி வருவதும் உங்களைத்தான்.

விற்ற பிறகு ஏதாவது பாக்கி உண்டா?

உண்டு. உங்கள் காப்புறுதி காரோடு போவதில்லை. நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்தால் மீதமுள்ள காலத்துக்கு உரிய தொகை திரும்பக் கிடைக்கலாம். இத்தனை வருடம் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குச் சேர்ந்த என்சிடி கழிவும் (கட்டணத்தில் குறைக்கும் சலுகை, தனியார் காருக்கு அதிகபட்சம் 55 விழுக்காடு) உங்களுடையதே. அடுத்து வாங்கும் காருக்கு அதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்தமாட்டார்கள். பெயர் மாறியதற்கான தாளைப் படம் பிடித்து, மூலத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு எப்போதாவது பழைய எண்ணுக்குச் சம்மன் வந்தால், அந்தத் தாளில் இருக்கும் தேதிதான் உங்களுக்குச் சாட்சி.