வீடு உங்களுக்கு, மண் ஊருக்கு

ஆத்தூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் கல் நட்டு மனை பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாங்கிப் போட்டவர் அதில் ஒரு செடிகூட வைத்திருக்க மாட்டார். பக்கத்தில் தார்ச்சாலை வரும், குடிநீர்க் குழாய் வரும், பள்ளிக்கூடம் வரும். சென்ட் விலை ஏறிக்கொண்டே போகும். ஏற்றிவிட்டது ஊர். லாபம் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு.

இதற்கு மாற்று தேடியவர்கள் இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறார்கள். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதானம் என்ற நிலக்கொடை இயக்கம், அடுத்த ஆண்டே முழுக் கிராமமும் சேரும் கிராமதானமாக வளர்ந்தது. சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அதை வத்தலக்குண்டு வட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார்கள். நிலத்தின் உரிமை கிராமசபைக்கு. உழுவது பழைய உழவரே. இருபதில் ஒரு பங்கு நிலமற்றவருக்கு. வெளியாளுக்கு விற்க முடியாது.

எனக்கு வியப்பு தருவது இதன் பிறகு நடந்ததுதான். அமெரிக்கரான ராபர்ட் ஸ்வான் கிராமதானத்தால் ஈர்க்கப்பட்டார். இஸ்ரேலின் குத்தகை நிலங்களையும் போய்ப் பார்த்துவிட்டு, கறுப்பின மக்களின் உரிமைப் போராளிகளோடு சேர்ந்து 1969-இல் ஜார்ஜியாவில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற நில அறக்கட்டளையை உருவாக்கினார். ஏறத்தாழ 5,700 ஏக்கர். வறட்சியாலும், கேட்ட நேரத்தில் கடன் கிடைக்காததாலும் 1985-இல் அந்த நிலம் கைவிட்டுப் போனது. யோசனை மட்டும் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

1984-இல் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரம் அதற்கு எளிய கணக்கு ஒன்று வகுத்தது. கட்டடம் குடியிருப்பவருக்குச் சொந்தம், அடிமண் அறக்கட்டளைக்கு. வீட்டை விற்கும்போது, போட்ட முதல் திரும்பக் கிடைக்கும். கூடிய மதிப்பில் 25 சதவீதமும் சேரும். மீதி முக்கால் பங்கு வீட்டோடே தங்கிவிடும். அதனால் அடுத்து வரும் குடும்பமும் கட்டுப்படியாகும் விலைக்கே வாங்கலாம். மனை வாங்கிப் பூட்டி வைத்தால் லாபம் என்ற ஆசைக்கு அங்கே வேலையே இல்லை.

இதே வழியில் சென்ற பாஸ்டனின் டட்லி தெரு மக்கள் இன்னும் துணிந்தார்கள். குப்பை கொட்டிக் கிடந்த காலிமனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே 1988-இல் நகராட்சியிடமிருந்து பெற்றார்கள்.

2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்குப் போயின. நில அறக்கட்டளை வீடுகளில் அது மிகக் குறைவு. தவணை தவறியதுமே அறக்கட்டளைக்காரர்கள் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து வங்கியிடம் பேசினார்கள்.