எடைக்குறைப்பு சர்ஜரி: ஆஸ்பத்திரிப் பையில் என்ன இருக்கணும், யாருக்குத் தெரிஞ்சிருக்கணும்?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கப்பட்டது.

இன்னிக்கு நம்ம கூட ஒரு விருந்தாளி இருக்காங்க. என் அக்கா.

அக்கா: ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிடாத விருந்தாளி. செலவே இல்லடா உனக்கு.

அக்காவுக்கு எடைக்குறைப்பு சர்ஜரி நடந்து ஒன்றரை வருஷம் ஆகுது. இப்போ நல்லா இருக்காங்க. ஆனா சர்ஜரி முடிஞ்ச மூணாவது வாரம் மறுபடியும் அட்மிட் ஆனாங்க. ஆபரேஷன்ல தப்பு நடக்கல. தப்பு வேற இடத்துல இருந்தது. அதுக்குக் கொஞ்ச நேரத்துல வர்றேன்.

"பண்ணலாமா, வேணாமா" என்பது இன்றைய பேச்சு இல்ல. அது உங்களுக்கும் உங்க டாக்டருக்கும் நடுவுல. பண்றதுன்னு முடிவான பிறகு என்ன தயாரிப்பு, வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கும், அதுதான் இன்னிக்கு.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

அதிகமா செய்யப்படுறது ரெண்டு வகை. ஒண்ணு ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். முன்னாடி ஒரு லிட்டர் வரைக்கும் விரிஞ்சு கொடுத்த இரைப்பை, இப்போ ஒரு சின்ன டம்ளர் காபி பிடிக்கிற அளவு, அதாவது 100 முதல் 150 மில்லி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டின பகுதியில்தான் சுரக்கும். அதனால பசியும் குறையும்.

இன்னொண்ணு பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் 30 மில்லி அளவுக்கு ஒரு குட்டிப் பை செய்து, அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். ரெண்டுமே லேப்ராஸ்கோபி, வயித்துல சில சின்ன ஓட்டைகள் மட்டும்தான்.

காப்பீடு: முதல்ல இதைப் பாருங்க

2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்தால் சர்ஜரியைப் பரிந்துரைக்கிறது. ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்கிறது. ஆனா இன்ஷூரன்ஸ் கணக்கு வேற. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் தரப்படுத்தின பாலிசி வாசகப்படி, பி.எம்.ஐ. 40 இருக்கணும். இல்லன்னா 35ஓட கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதயநோய், கட்டுப்படாத சர்க்கரை மாதிரி ஏதாவது இருக்கணும். மத்த வழிகளில் எடை குறையலைங்கிறதுக்கும் ஆதாரம் கேப்பாங்க.

அதாவது டாக்டர் "உங்களுக்குப் பண்ணலாம்"னு சொல்லலாம், இன்ஷூரன்ஸ் "முடியாது"ன்னு சொல்லலாம். தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே முன்அனுமதி கடிதம் வாங்கிடுங்க. பழைய டயட் சீட்டு, தைராய்டு ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க.

ஆஸ்பத்திரியிடம் கேட்க வேண்டியது

2024 ஏப்ரலில், எடைக்குறைப்பு சர்ஜரிக்காகச் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருத்தர் இறந்துபோன செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். பயமுறுத்தச் சொல்லல. நல்லா நடக்கிற சர்ஜரிகள்தான் அதிகம். ஆனா கேள்வி கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

இந்த ஆஸ்பத்திரியிலேயே ஐ.சி.யூ. இருக்கா, இல்ல வேற இடத்துக்கு மாத்துவீங்களா? ராத்திரி 2 மணிக்குப் பிரச்சினைன்னா டியூட்டியில் யார் இருப்பாங்க? டிஸ்சார்ஜ் ஆன பிறகு எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? டயட்டீஷியன் எத்தனை மாசம் கூட இருப்பாங்க? இதுக்கெல்லாம் முகம் சுளிக்கிற இடம்னா, வேற இடம் பாருங்க.

முந்தைய இரண்டு வாரம்

எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், எக்கோ, ரத்தப் பரிசோதனை, சில பேருக்குத் தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசகரோட ஒரு சந்திப்பு. இதெல்லாம் வழக்கம்.

பெரும்பாலான டாக்டர்கள் சர்ஜரிக்கு முன்னாடி ரெண்டு வாரம் மாவுச்சத்து குறைஞ்ச, புரதம் கூடின டயட் கொடுப்பாங்க. எடை குறையறது மட்டும் இதுக்குக் காரணம் இல்ல. கல்லீரல் இரைப்பைக்கு மேலே உட்கார்ந்திருக்கு. அது கொழுப்பால் வீங்கியிருந்தா கருவியை உள்ளே விட்டு வேலை பார்க்கிறது கஷ்டம். இந்த டயட் கல்லீரலைச் சுருக்குது. "கடைசியா ஒரு பிரியாணி"ன்னு முந்தின நாள் ட்ரீட் வைக்கிற நண்பர்கள் இருந்தா, இந்த விஷயத்தைச் சொல்லுங்க.

சிகரெட் பிடிக்கிறவங்க குறைஞ்சது ஆறு வாரம் முன்னாடியே நிறுத்தணும். சாப்பிடுற மாத்திரை ஒண்ணு விடாம லிஸ்ட் போட்டுக் கொடுக்கணும். கருத்தடை மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகள், இப்போ நிறைய பேர் போட்டுக்குற எடைக்குறைப்பு ஊசி எல்லாமே மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியணும். எதை எப்போ நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

பையில் என்ன?

அக்கா: நான் ரெண்டு பை கொண்டு போனேன். பாதி தொடவே இல்ல. முன்பக்கம் பட்டன் வெச்ச நைட்டி, வழுக்காத செருப்பு, நீளமான சார்ஜர் ஒயர், உதடு காயாம இருக்க வாஸ்லின், பழைய ரிப்போர்ட் ஃபைல். கார்ல திரும்பி வரும்போது சீட் பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல வெக்க ஒரு சின்னத் தலையணை. அது யாருமே சொல்லல, ஆனா அதான் ரொம்ப உதவுச்சு.

நகை வீட்டுலயே இருக்கட்டும். நகப்பூச்சை அழிச்சுடுங்க. ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரல்ல மாட்டுற கிளிப் அதனால தப்பாக் காட்டலாம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு, மூன்று நாள்

சர்ஜரி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும். அன்னிக்குச் சாயங்காலமே எழுப்பி நடக்க வைப்பாங்க. கால் நரம்புல ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போறதுதான் இந்த சர்ஜரியில பெரிய பயங்கள்ல ஒண்ணு. இறுக்கமான காலுறை, ரத்தம் உறையாம இருக்க ஊசி, இந்த நடை எல்லாமே அதுக்காகத்தான். மூணு பந்து இருக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணும் கொடுப்பாங்க. மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கணும். விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனா நுரையீரல்ல சளி தங்காம இருக்கணும்னா அதைச் செய்யணும்.

அக்கா: எனக்கு வயிறு வலிச்சதைவிட தோள்பட்டைதான் வலிச்சுது. ஹார்ட் அட்டாக்கோன்னு பயந்துட்டேன்.

லேப்ராஸ்கோபியில வயிறு உப்புறதுக்குக் கார்பன் டை ஆக்சைடு அடைப்பாங்க. மிச்சம் இருக்கிற வாயு உதரவிதானத்தைத் தொடும்போது, வலி தோள்ல தெரியும். நடக்க நடக்கக் குறையும்.

தண்ணியும் டானிக் மூடியால அளந்துதான். ஒரு வாய், கொஞ்ச நேரம் நிறுத்தம், இன்னொரு வாய். ஒரு நாள் முழுக்க இதேதான் வேலை.

வீட்டுக்கு வந்த பிறகு

டயட்டீஷியனுக்கு டயட்டீஷியன் கொஞ்சம் மாறும். பொதுவா முதல் ரெண்டு வாரம் திரவம் மட்டும்: வடிகட்டின பருப்புத் தண்ணி, நீர்மோர், காரமில்லாத தெளிவு ரசம், புரதப் பவுடர் கலந்த பால். அடுத்த ரெண்டு வாரம் மசிச்சது. அப்புறம் மென்மையானது. ஆறு, எட்டு வாரம் ஆகும் வழக்கமான சாப்பாட்டுக்கு வர. குறி ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம், ஒன்றரை லிட்டருக்குக் குறையாத தண்ணி. ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அதனாலதான் தட்டுல முதல்ல முட்டை, பனீர், மீன், பருப்பு. சோறும் தோசையும் கடைசி. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணி நேர இடைவெளி வேணும். சோடா, கோலா வேண்டவே வேண்டாம்.

மூணாவது வாரம்

இப்போ அந்த விஷயம். அக்கா, நீயே சொல்லு.

அக்கா: சொந்தக்காரங்ககிட்ட "பித்தப்பைக் கல் ஆபரேஷன்"னுதான் சொல்லியிருந்தோம். பதினேழாவது நாள் ஒரு காதுகுத்து. போகாம இருந்தா கேள்வி வரும்னு போனேன். சித்தி, "என்னடி இப்படி எளைச்சுட்டே"ன்னு ஒரு வடையைக் கையில வெச்சுட்டாங்க. பாதி சாப்பிட்டேன். நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி நின்னுச்சு. அப்புறம் வாந்தி. மறுநாள் தண்ணி குடிச்சாலும் வாந்தி. மாத்திரை குமட்டுதுன்னு வைட்டமினையும் நிறுத்திட்டேன். அவர் ஆபீஸ் வேலையா ஹைதராபாத்ல இருந்தார். அம்மாவுக்கு இந்த சர்ஜரியே பிடிக்கல. சொன்னா "அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிப்பாங்க. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு வாந்தி எடுத்தேன். அஞ்சு நாள்.

எனக்கு எப்போ தெரிஞ்சுது?

அக்கா: பாதம் மரத்துப்போய், எழுந்திரிக்க முடியாம உனக்கு ஃபோன் பண்ணேனே, அப்போதான். உனக்குக்கூட பித்தப்பைக் கதைதான் சொல்லியிருந்தேன்.

ஆமா. கார்லதான் உண்மையைச் சொன்னாங்க. டாக்டர் பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டார். தயாமின், அதாவது வைட்டமின் பி1, நம்ம உடம்புல ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். சாப்பாடும் இல்லாம தொடர்ந்து வாந்தியும் இருந்தா தீர்ந்துபோகும். நரம்பையும் மூளையையும் தாக்கும். நடை தள்ளாடும், பார்வை ரெட்டையாத் தெரியும், ஞாபகமே போகலாம். இதுல இன்னொரு ஆபத்து: தயாமின் கொடுக்காம குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏத்தினா, நிலைமை மோசமாகும். நான் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, "பித்தப்பை ஆபரேஷன்"னு சொல்லியிருந்தா, அவங்க முதல்ல அந்த ட்ரிப்ஸைத்தான் போட்டிருப்பாங்க. அக்கா கார்ல வாயைத் திறந்ததால தப்பிச்சோம். கால் மரத்தல் போக ரெண்டு மாசம் ஆச்சு.

எல்லாருக்கும் சொல்லணும்னு அவசியமே இல்ல. உங்க உடம்பு, உங்க விஷயம். ஆனா ஒரே ஒருத்தருக்கு முழுசாத் தெரிஞ்சிருக்கணும். திட்டாதவரா, பக்கத்துல இருக்கிறவரா, ராத்திரி ஃபோன் எடுக்கிறவரா. அவர் ஃபோன்ல டிஸ்சார்ஜ் சம்மரியோட ஃபோட்டோவும் சர்ஜன் டீமோட நம்பரும் இருக்கட்டும்.

அந்த ஒருத்தர் தெரிஞ்சுக்க வேண்டிய அறிகுறிகள்

உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120க்கு மேல நிக்குது. காய்ச்சல். கூடிக்கிட்டே போற வயிற்றுவலி. மூச்சுத்திணறல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்குது. கறுப்பு மலம். ஒரு நாளா தண்ணிகூட உள்ளே நிக்கல. இதுல எது வந்தாலும் "கேஸ்தான்"னு ஜெலுசில் குடிச்சுக் காத்திருக்கக் கூடாது. தையல் போட்ட இடத்துல கசிவு வந்தா, சில சமயம் முதல்ல தெரியுற ஒரே அறிகுறி அந்த வேகமான நாடிதான்.

அப்புறம் வர்ற மாசங்கள்

மூணாவது மாசத்துலேர்ந்து முடி கொட்டும். பெரும்பாலும் தானா நிக்கும், பயப்படாதீங்க. வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். ரத்தப் பரிசோதனை முதல் வருஷம் சில தடவை, அப்புறம் வருஷா வருஷம். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற புரூஃபென் மாதிரி வலிமாத்திரைகள் புண் உண்டாக்கலாம், டாக்டரைக் கேக்காம வேண்டாம். மது முன்னைவிட வேகமா ஏறும். கர்ப்பம் தரிக்கிறதை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தள்ளிப்போடச் சொல்வாங்க. எடை இறங்கும்போது கருத்தரிக்கிற வாய்ப்பும் கூடும், அதனால கருத்தடை பத்தி முன்னாடியே பேசிடுங்க.

அக்கா, கடைசியா ஒண்ணு. சித்திக்கு இப்போ தெரியுமா?

அக்கா: தெரியும். நானே போய்ச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அன்னிக்கே சொல்லியிருந்தா மோர் கொடுத்திருப்பேனே"ன்னாங்க.

இன்னிக்கு இவ்வளவுதான். யாருக்காவது சர்ஜரி தேதி குறிச்சிருந்தா இந்தப் பக்கத்தை அனுப்பி வைங்க. கூடவே, அந்த ஒருத்தர் யாருன்னு கேளுங்க. யாரும் இல்லன்னு சொன்னா, அது நீங்களா இருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.